ரூத் தின்ற ஒப்பட்டு

ரூத் போய்விட்டாள்.

காலையில் அவள் மகன் இஸ்ரேலிலிருந்து மெசேஜ் அனுப்பியிருந்தான். தூக்கத்திலேயே போய்விட்டாளாம்... எனக்குக் கட்டாயம் தகவல் சொல்லச் சொல்லி வைத்திருந்தாளாம்.

இங்கே பலருக்கு அவளைத் தெரியாது. ஐம்பதுகளில் ஓசூரில் மாட்டு டாக்டராக இருந்தவரின் மகள். கொச்சிப் பக்கத்து யூதக் குடும்பம்.

ஸ்கூலில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே பெண். மற்றவர்கள் ஏன் உட்காரவில்லை என்று யாரும் கமென்டில் கேட்க வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

என் அம்மா மாரக்கா ஒரு பண்ணையில் சாணி அள்ளினாள். அவளுக்குச் சோறு கொட்டகைக்குப் பின்னால்தான், தண்ணீர் தூக்கித்தான் ஊற்றுவார்கள்.

அங்கே மாடு பார்க்க வந்த டாக்டர் ஒருநாள், "மாரக்கா, எங்க பண்டிகை வருது. மகளைக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க" என்றார். பசித்தவர் எவரும் வந்து சாப்பிடலாம் என்று சொல்லித்தான் அந்த விருந்தையே தொடங்குவார்களாம்.

போனோம். மேசையில் உட்கார வைத்தார்கள். அம்மா நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக் கடைக்குட்டி கேள்வி கேட்க வேண்டும், பெரியவர் கதை சொல்ல வேண்டும். அதுதான் முறை. இன்றைக்கு மட்டும் ஏன் கசப்பு, ஏன் உப்புத் தண்ணீர் என்று ரூத் ராகம் போட்டுக் கேட்டாள்.

"எங்க ஆளுங்க எகிப்துல அடிமையா இருந்தாங்க. செங்கல் அறுத்தாங்க. உப்புத் தண்ணி அவங்க கண்ணீர். இந்தப் பேரீச்சம்பழப் பாகு அவங்க மிதிச்ச சேறு" என்றார் டாக்டர்.

அம்மா சூளையிலும் வேலை பார்த்தவள். "நாங்க மிதிச்ச சேறு இப்படி இனிச்சதில்லீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

கசப்புக்கு அவர்கள் ஊர்க் கீரை கிடைக்காமல் வேப்பங்கொழுந்து வைத்திருந்தார்கள். "நாங்களும் யுகாதிக்கு வேப்பம்பூ திங்கிறவங்கதான். ஆனா வெல்லம் சேப்போம். வெறுங்கசப்பையா புள்ளைக்குக் குடுக்கிறது?" என்று ரூத்தின் அம்மாவிடம் சண்டைக்கே போனாள் என் அம்மா.

அந்தத் தட்டையான ரொட்டிக்கும் ஒரு கதை. மாவு பொங்கக்கூட நேரமில்லாமல் தப்பி ஓடினார்களாம்.

"பண்ணக்காரன் உட்டானா?" என்று கேட்டாள் அம்மா.

"விடல. ஆனா போயிட்டாங்க."

வீடு வரும்வரை அம்மா அதையே முனகிக்கொண்டு வந்தாள். போயிட்டாங்களாம்... போயிட்டாங்களாம்...

அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள். வெறுங்கையோடு போக அம்மாவுக்கு மனசில்லை. பொங்காத பண்டம்தானே அவர்களுக்கு ஆகும் என்று யோசித்து யோசித்து ஒப்பட்டு சுட்டாள், உங்கள் ஊர் போளிதான். மாவை நன்றாக ஊறவைத்து, பூரணம் வைத்து, இலையில் தட்டி... அவள் கையால் செய்ததை வெளியாள் வீட்டுக்குக் கொண்டுபோனது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

ரூத்தின் அம்மா வாசலிலேயே பதறிவிட்டார். "ஐயோ மாரக்கா, அது உள்ளே வேண்டாம்! பொங்காட்டியும், ஊறின மாவு இந்தப் பண்டிகைக்கு வீட்டுக்குள்ளே ஆகாது. நீங்க வாங்க, பாத்திரம் மட்டும் வெளியே இருக்கட்டும்..."

அம்மாவுக்கு "உள்ளே வேண்டாம்" மட்டும்தான் கேட்டது. ஊரில் எல்லா வாசலிலும் கேட்டது அதுதானே.

"பரவால்லீங்கம்மா. பண்ணையில வேல கெடக்குது" என்று சொல்லிவிட்டுத் தூக்குப்போசியை என் கையில் திணித்து நடந்தாள். டாக்டர் கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை.

ரூத் பின்னாலேயே ஓடி வந்தாள். நடுரோட்டில் தூக்கைத் திறந்து ஒரு ஒப்பட்டை எடுத்துக் கடித்தாள். அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மாரக்கா! நான் திங்கிறேன் பாருங்க!" என்று வாய் நிறைய ஒப்பட்டோடு கத்தினாள்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "நம்ம கையி பட்டத அந்தப் புள்ள தின்னுச்சா? போடி... எனக்கு ஆறுதல் சொல்ல வந்துட்டே" என்றாள். மிச்சத்தை மாட்டுக்கு வைத்தாள்.

அந்த வருஷமே அவர்கள் இஸ்ரேல் போய்விட்டார்கள். அம்மா சாகும்வரை அதே கொட்டகையில் சாணி அள்ளினாள். இன்றைக்கு அந்தப் பண்ணை இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன.

ரூத் என்னை ஃபேஸ்புக்கில்தான் கண்டுபிடித்தாள். வீடியோ கால் பேசும்போதெல்லாம் பாதி மலையாளம் பாதி தமிழில் அதே கேள்வி. "நான் தின்னதை அம்மா நம்பினாங்களா?"

நம்பினாள் என்றே சொல்லி வந்தேன். எனக்கும் உனக்கும் வேறென்ன மிச்சம் இருந்தது ரூத்...

போய் வா. அங்கே என் அம்மாவைத் தேடினால் உள்ளே தேடாதே. வாசலுக்கு வெளியேதான் நிற்பாள்.