பின்வரிசைக் கழிப்பறை

என் நாத்தனாருக்கும் எனக்கும் வீட்டில் ஆகவே ஆகாது. ஆனால் வேலையிடத்தில் அவளைப் பற்றி யாராவது வாய் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இருவரும் விமானத்தைச் சுத்தம் செய்கிறவர்கள். ஒரு கூட்டம் இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் இருபது நிமிடம். இருக்கைகள் என் பொறுப்பு, பின்பக்கக் கழிப்பறைகள் இரண்டும் அண்ணி பொறுப்பு; நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். பதினொரு வருடமாக இதுதான். சில ஆண்கள் நின்றபடியே போய், உட்காருமிடத்தை நனைத்துவிட்டு வருவார்கள். விமானம் ஆடுகிறதாம்! தரையில் நிற்கும்போதும் அதே லட்சணம்தான். அண்ணி தேய்த்துத் துடைத்து, மூடியின் குறுக்கே ஒரு காகிதப் பட்டை ஒட்டுவாள். சூப்பர்வைசர் வந்து பட்டையைக் கிழித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே பயணிகளை ஏற்றுவார்கள்.

ஒருநாள் அவரிடமே போய்க் கேட்டாள்.

"ரெண்டுல ஒண்ணைப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிடலாம் சார். உக்கார முடியாம தவிக்கிறாங்க."

"பறக்குற ப்ளேன்ல தனி பாத்ரூமா? அப்புறம் தனி றெக்கை கேப்பே!"

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணியின் முகம் சுண்டிப்போய்விட்டது. நாசமாய்ப் போக என்று நான் மனதுக்குள் திட்டினேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் இரண்டு மெமோ. இரண்டிலும் பெண் பயணிகளின் புகார்: கழிப்பறை ஈரம், நாற்றம். மூன்றாவது மெமோ வந்தால் வேலை போய்விடும். அண்ணிக்குப் புருஷன் இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம்.

அண்ணி அழவில்லை. மெமோ இரண்டையும் சமையல் மேடையில் விரித்து வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"நேரத்தைப் பாத்தியாடி? ரெண்டும் ப்ளேன் கிளம்புறதுக்கு முன்னாடியே வந்த புகார். முதல்ல உள்ள போன பொம்பளைங்களே எழுதியிருக்காங்க. நான் பட்டை ஒட்டுனதுக்கப்புறம் உள்ள போன ஆம்பளை யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊழியர் கழிப்பறைக்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். சூப்பர்வைசர் துரைக்குக் கால் வலிக்குமே! பட்டையைக் கிழிக்கிற சாக்கில் உள்ளே போய் வேலையை முடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"புகார் கொடு அண்ணி."

"யாரு நம்புவா? கையும் களவுமா புடிக்கணும்."

மறுவாரம் பட்டை ஒட்டியதும் நாங்கள் கீழே இறங்காமல் விமானத்தின் பின் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றோம். அவர் வந்தார், பட்டைகளைக் கிழித்துக் கையெழுத்துப் போட்டார், முன்பக்கம் பார்த்து "ஏத்தலாம்" என்று கத்திவிட்டு ஒன்றுக்குள் மறுபடி போனார், தாழ்ப்பாள் விழுந்தது. அண்ணி கதவிலிருந்த தகட்டைத் தூக்கி, அடியில் இருந்த குமிழைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதைப் பிடித்தால் உள்ளே இருப்பவர் தலைகீழாக நின்றாலும் கதவு திறக்காது. தலைமைப் பணிப்பெண்ணைக் கூட்டிவர என்னை அனுப்பினாள். நாங்கள் திரும்பி வந்தபோது பயணிகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். கதவு படபடவென்று அதிர்ந்தது.

"யார்றா அது? திற!"

"நான்தான் சார். அந்த ரெண்டு மெமோவும் யாரால வந்துச்சுன்னு சத்தமா சொல்லுங்க, திறக்கிறேன்."

"உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்!"

"கிழிங்க. அதுவரைக்கும் உள்ளயே இருங்க."

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். "ஏங்க, இது லேடீஸா?"

"இன்னைக்கு ஜென்ட்ஸ்ங்க. ஒரே ஒருத்தருக்கு மட்டும்."

அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். பணிப்பெண் கதவருகே குனிந்து, "சார், பயணிங்க காத்துக்கிட்டிருக்காங்க. பதில் சொல்லுங்க. நான் எழுதிக்கணும்" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

கதவு இன்னும் ஒருமுறை குலுங்கியது. பிறகு ஈனசுரத்தில் வந்தது: "நான்தான்... ரெண்டு தடவையும்."

"நல்லது சார். பேசின்கிட்ட துணி இருக்கு. தொடைங்க."

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணி விரலை எடுத்தாள், கதவு திறந்தது. ஈரத் துணியும் கையுமாக நின்றார் அவர். நெற்றியெல்லாம் வியர்வை. அத்தனை பெண்களும் பார்க்கிறார்கள், அவருக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"ஓரத்துல அப்படியே இருக்கு சார்" என்று சொல்லிக் கதவை மறுபடியும் சாத்தினாள்.