ரோசலின் மிஸ்ஸின் பெரட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ரோசலின் மிஸ் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மழையோடு மழையாக ஹட்டனில் நானும் அவரும் கற்பித்த தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போய், அவர் பொறுப்பில் இருந்த வயரிங் பட்டறையைத் திறந்தேன். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அவர் வரைந்த உருவம், அதன்மேல் அந்தந்தக் கருவி. எல்லாம் இடத்தில் இருந்ததே எனக்குப் பொறுக்கவில்லை.

அவரோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும், மாலை நாலானால் "பெரட்டுக்கு வாங்க!" என்பார். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. மிஸ் கூப்பிடுவது கருவிகளின் பெயரை. எடுத்த பிள்ளை "இருக்கு மிஸ்" என்று சொல்லி மாட்ட வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல். "நம்ம அம்மாமாரு நின்னது போதாதா? இங்கயும் பெரட்டா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவர் சிரித்தார்.

"அங்க நம்மள எண்ணுனாங்க சார். இங்க நம்ம எண்ணுறோம்."

பல வருஷத்துக்கு முன் ஒரு மாலை, மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டர் ஒன்று குறைந்தது. கடைசியாக எடுத்தவள் றொசல்லயிலிருந்து வரும் சுகந்தி. திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். "அவ பேக்கைப் பாருங்க" என்றேன், எல்லோர் முன்னாலும். மிஸ் குறுக்கே வந்து நின்றார்.

"பேக்கைத் தொட வேணாம் சார். பட்டறை என் பொறுப்பு. சாமான் காணாம போனா நான்தான் கள்ளி."

மேலிடத்துக்கும் தன் கவனக்குறைவு என்றே எழுதிக் கொடுத்தார்.

டெஸ்டர் என் சட்டைப் பையில் இருந்தது. பேனா என்று நினைத்துச் செருகியிருக்கிறேன். வீட்டில்தான் பார்த்தேன். மறுநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதை மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சுகந்தி வரவில்லை. நாலு நாள் பொறுத்து, மிஸ்ஸே ரயிலேறிப் போய் அவளைக் கூட்டி வந்தார். அன்றைய பெரட்டில் "டெஸ்டர்" என்று கூப்பிட்டவர், என் சட்டைப் பையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் பெரட்டை நான் எடுத்தேன். இப்போது வீடுகளுக்கு வயரிங் செய்யும் சுகந்தியையும் வரச் சொல்லியிருந்தேன். "டெஸ்டர்" என்று கூப்பிட்டேன்.

"அன்னைக்கு இது என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு, சுகந்தி."

"தெரியும் சார்," என்றாள். "மிஸ் அப்பவே சொன்னாங்க. சார் ஒருநாள் அவராவே சொல்லுவாரு, அதுவரைக்கும் நீ கேக்காதன்னு."

பட்டறைச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. மிஸ் அத்தனை வருஷம் என் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த சொல்லும், அவரிடம் போய்ச் சேராமல், என்னிடமே இருக்கிறது. இன்னும் உட்கார முடியவில்லை.