பேச்சியம்மாளின் மூன்று மணி நேரம்

பொய் எழுதினேன். ஒரு நோயாளியின் தாளில், நான்கு மாதம்! அதனால் ஒரு பெண்ணின் விரல்கள் கோணிப்போயின. இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை... உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளில் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்தேன். மாட்டுங்காவிலிருந்து போய்வருவேன். மூட்டுவாதப் பிரிவின் மராத்தி டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தாராவித் தமிழர்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவார். உடம்பே தன் மூட்டுகளைத் தின்னும் வியாதி அது. அதன் உக்கிரத்தை அளக்க, ரத்தப் பரிசோதனையோடு ஒரு கேள்வியும் கேட்பார்: காலையில் விறைத்த கை இளக எத்தனை நிமிடம்?

பேச்சியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். தாராவியில் சட்டைக்குப் பொத்தான் தைப்பவள். முதல் நாள் அவள் சொன்ன பதில் இது:

"நாலு மணிக்கு எந்திரிக்கும்போதே கை கட்டையாக் கெடக்கும் தாயி. குழாயில தண்ணி நிக்குத வரைக்கும் அப்படித்தான்."

தண்ணீர் எப்போது நிற்கும் என்று கேட்டிருக்க வேண்டாமா? நான் குடியிருந்த கட்டடத்தில் காலையில் அரை மணி நேரம்தான் வரும். எனக்கோ பசி, வெளியே வரிசை நீண்டு கிடந்தது. "அரை மணி" என்றேன் டாக்டரிடம். அடுத்த மூன்று மாதமும் அவளைக் கேட்கவே இல்லை... அதையே எழுதினேன்! ரத்தப் பரிசோதனை இரண்டுங்கெட்டானாக இருந்தது. என் அரை மணியை நம்பி அவர் மாத்திரையைக் குறைத்தார்.

ஐந்தாம் மாதம் எக்ஸ்ரே வந்தது. விரல் எலும்புகள் அரித்துப்போயிருந்தன. "வீக்கத்தை அடக்கலாம். இந்தச் சேதம் இனித் திரும்பாது" என்றார் டாக்டர். அவளால் ஊசியைப் பிடிக்கவே முடியவில்லை.

கை எத்தனை மணிக்கு இளகுகிறது என்று மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன். ஏழு மணி, அவள் குழாயில் தண்ணீர் நிற்கும் நேரம்! மூன்று மணி நேரம்!

"இத்தனை நாள் ஏன் அரை மணி என்று சொன்னாள்?" என்று சீறினார்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்... வேலை போய்விடுமே! அவள் பக்கம் திரும்பி, "நீங்க சரியாச் சொல்லலைன்னு டாக்டர் கோவிச்சுக்கறார்" என்றேன். சீ! என்ன ஜென்மம் நான்? எத்தனையோ வருஷமாகியும் இந்த நினைப்பு என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

அவள் அந்தக் கோணல் கைகளைக் கூப்பினாள்.

"எனக்குத்தான் சொல்லத் தெரியல போலிருக்கு. ஐயாவ மன்னிச்சிக்கிடச் சொல்லு தாயி."

அதை ஒரு சொல் விடாமல் டாக்டரிடம் சொன்னேன். அவர் அவளை மன்னித்துவிட்டார்.