உண்ணிக்கடியும் என் பொய்யும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் என்னோடு சேர்ந்து டிஸ்பென்சரி நடத்திய சிநேகிதியை, அவர் முகத்துக்கு நேரே, ஒரு பொய்யால் காட்டிக்கொடுத்தேன். மருத்துவம் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். நான் பொய் சொன்னதும் அவர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, மடித்து, கைப்பைக்குள் வைத்தார்.

காய்ச்சலில் கிடந்தவர் வெள்ளவத்தையிலிருந்த என் மச்சாள், தமையனின் மனைவி. கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவைத்தான் முதலில் நினைப்போம். டெங்கு இல்லை என்று தெரிந்ததும் வைரஸ் காய்ச்சல் என்று பரசிற்றமோல் கொடுத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இறங்கவில்லை, உள்ளங்கைகளில் சிவந்த புள்ளிகள் வந்தன. அப்போதும் நாடி பார்த்ததோடும், சேலைக்கு மேலாக நெஞ்சில் குழாய் வைத்ததோடும் நிறுத்திக்கொண்டேன். வேறு நோயாளி என்றால் உடம்பு முழுவதும் பார்த்திருப்பேன். மச்சாளை எப்படிப் பார்ப்பது?

நான் வெளியூர் போயிருந்த நாளில் சிநேகிதி போய்ப் பார்த்தார். மார்புக்குக் கீழ் மடிப்பில், சுருட்டு நெருப்புச் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு. வீட்டு நாயின் காதுகளில் உண்ணிகள். உண்ணி கடித்துத் தொற்றும் பக்டீரியாக் காய்ச்சல் என்று கணித்து, அன்றே டொக்சிசைக்கிளின் தொடங்கினார். காய்ச்சல் விட்டது. இரத்தப் பரிசோதனை பின்னர் அவர் கணிப்பையே உறுதிசெய்தது. ஆனால், மருந்து பிந்தியதில், மச்சாளின் ஒரு காது கேட்காமல் போயிருந்தது.

"இதைப் பிடிக்க ஏன் இவ்வளவு நாள்? பிந்தினது ஆர்?" என்று தமையன் எங்கள் இருவரையும் பார்த்துக் கத்தினார்.

"நான் முதலே இவவைப் போய்ப் பாக்கச் சொன்னனான், அண்ணை. இவதான் பிந்திப்போனா."

சொந்தங்களுக்குள் கதை பரவியது. "காய்ச்சல் எண்டு அவவிட்டப் போகாதேங்கோ, காது போயிடும்" என்று கலியாண வீட்டில் சிரித்தார்கள். அவரிடம் வந்த நோயாளிகள் குறைந்தார்கள். அவர் டிஸ்பென்சரியை விட்டே போனார்.

சில வருஷங்களுக்குப் பிறகு தமையன் இறந்தார். அவருடைய ஆண்டுத் திவசத்தில், எல்லோர் முன்னிலையிலும் உண்மையைச் சொன்னேன். மச்சாள் மட்டும் திடுக்கிடவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும், தம்பி. ஆரும் அனுப்பி வந்தவ இல்லை, தானாத்தான் வந்தவ. உங்கட பேர் கெடக்கூடாதெண்டு வாய் திறக்கேல்லை."

அன்று மாலையே சிநேகிதியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவைப் பிடித்தபடி நின்று கேட்டார்.

"நீர் என்ன ஆளெண்டு எனக்கு எப்பவோ தெரியும். மச்சாளுக்கும் தெரியுமோ?"

"ஓம். அண்டைக்கே தெரியுமாம்."

"வருஷாவருஷம் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புறவ. பாவம், பொய்யை நம்பியும் என்னை மன்னிச்சிட்டா எண்டெல்லோ நான் நினைச்சுத் திண்டனான்." கதவைப் பாதி சாத்திவிட்டுச் சொன்னார். "இனி அனுப்ப வேண்டாமெண்டு சொல்லும்."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.