ஐம்பத்தேழு

அந்த வருஷம் நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கவில்லை. அதனால் தேதி தர முடியாது. பங்குனி மாதம் என்பதும், யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய பங்குனி என்பதும் நிச்சயம். குன்றாண்டார்கோவில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. எனக்கு வயது பத்து.

ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வரவில்லை. மற்ற வாய்ப்பாடுகளை ராகம் போட்டுச் சொல்வோம். அவை ஊஞ்சல்போல வந்து போகும். ஏழு மட்டும் நொண்டியது. எங்கள் வாத்தியார் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

"இன்ஸ்பெக்டர் வர்றப்ப தேறுனியன்னா ஆறாப்பு. இல்லேன்னா வீட்டோட இரு ஆத்தா."

என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் தகப்பனார் கோயிலில் தவில் வாசிப்பவர். அவளுக்கும் வாய்ப்பாடு தெரியாது, ஆனால் ஏழு தெரியும். "ஏழு நொண்டலைடி. மூணும் நாலுமா நடக்குது. தகிட தகதிமி. நீ எட்டாவே நடந்து பழகிட்ட" என்றாள்.

மத்தியானங்களில் குடைவரைக் கோயிலுக்கு முன்னாலிருந்த மண்டபத்துக்குப் போவோம். கல் குதிரையும் கல் சக்கரமும் உள்ள மண்டபம். வெயில் பாறையில் பட்டு ஊரே கண் செருகிக் கிடக்கும். இருவரும் ஒன்றாகத் தொடங்குவோம். அவள் ஏழு எண்ணிக்கைக்கு ஒரு தரம் தட்டுவாள், நான் எட்டுக்கு ஒரு தரம். இடையில் அவள் வாய் தாளச் சொல் சொல்லும், என் வாய் எண் சொல்லும். ஒன்றில் இருவர் கையும் சேர்ந்து விழும். பிறகு அவள் எட்டில், நான் ஒன்பதில். அவள் பதினைந்தில், நான் பதினேழில். ஒவ்வொரு எண்ணாக விலகிக்கொண்டே போவோம். இருபத்தொன்பதில் அவள் தட்டு என்னுடைய இரண்டு தட்டுகளுக்குச் சரியாக நடுவில் விழும். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஓர் உறக்கம்போல வரும். நாங்கள் இருவரும் இரண்டு வேறு ஊர்களில் இருப்பதுபோல. பாறை எங்கள் தட்டுகளை வேறு வேறாகத் திருப்பித் தரும். பிறகு, எதிர்பாராத ஒரு கணத்தில், இரண்டும் ஒன்றாக விழும். பாறையும் ஒரே சத்தமாகத் திருப்பித் தரும். அப்போது என் வாயில் இருக்கும் எண் ஐம்பத்தேழு. ஒரு நாளும் மாறியதில்லை.

பரீட்சை வைக்க இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஒவ்வொருவராக எழுந்து கைகட்டி நின்றோம். ஆளுக்கு ஒரு கேள்வி. என்னிடம் கேட்டார்:

"ஒரு கோயில்ல ஏழு நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி அடிக்கிறாங்க. இன்னொரு கோயில்ல எட்டு நிமிஷத்துக்கு ஒரு தரம். இப்ப ரெண்டும் ஒண்ணா அடிச்சுது. எத்தனை நிமிஷம் கழிச்சு மறுபடி ஒண்ணா அடிக்கும்?"

என் அதிர்ஷ்டத்தை நம்ப முடியவில்லை. "ஐம்பத்தேழு சார்" என்றேன்.

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்படி வந்துச்சு?"

"கையை அவுக்கட்டுமா சார்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. யாரும் கூப்பிடாமலே என் தோழி எழுந்து வந்தாள். "அவளால தனியாப் போட முடியாது சார். ஏழு என்னோடது."

"ரெண்டு பேரும் இங்கிட்டு வாங்க" என்றார் அவர்.

அவர் மேஜைக்கு முன்னால் நின்று தட்டினோம். கூரை ஓட்டில் அணில் ஓடும் சத்தம்கூட நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றியது. இருபத்தொன்பதில் வழக்கமான உறக்கம் வந்தது. ஐம்பத்தேழில் கைகள் சேர்ந்தன.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "மொதல்ல ரெண்டு பேரும் சேந்து தட்டுனீங்களே, அப்ப என்ன எண்ணுன?"

"ஒண்ணு சார்."

"அந்தத் தட்டு விழுறப்ப எத்தனை நிமிஷம் போயிருக்கும்?"

யோசித்தேன். "ஒண்ணும் போகலை சார்."

"அப்ப?"

"ஐம்பத்தாறு."

தோழி விடவில்லை. "தாளத்துல மொதல் அடி ஒண்ணுதான் சார். எங்கப்பா அப்படித்தான் எண்ணுவாக."

அவர் சிரித்தார். "ஒங்கப்பா எண்ணுறது சரி. தாளத்துக்கு மொதல்ல ஒண்ணு. மணிக்கு மொதல்ல சைபர்." பிறகு பேனாவை எடுத்து ரிஜிஸ்தரில் ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்ததால் என்னால் வாசிக்க முடியவில்லை. அவளிடம் அவர் தனியாக வேறு கேள்வி கேட்டார், அதற்கு அவளுக்கு விடை வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். ஒன்று கூடுதலாகச் சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டு முழுவதையும் உதறிப் போட்டு முடித்த பிறகுதான் பேசினார்.

"கூடத்தான சொன்ன?"

"ஆமாப்பா."

"கொறச்சுச் சொல்லலையே."

"இல்லப்பா. அப்புறம் சரியாச் சொல்லிட்டேன்."

"அப்ப போ" என்றார். வீட்டுக்குள் போகச் சொன்னாரா, ஆறாம் வகுப்புக்குப் போகச் சொன்னாரா என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் கழித்து வாத்தியார் தேறியவர் பட்டியலை வாசித்தபோது என் பேர் இருந்தது. அவள் பேர் இல்லை. அவளை மறுபடி ஐந்தாம் வகுப்பில் உட்கார வைக்க அவர்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அந்த வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குத் தவிலோடு கிளம்பிய குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கமே தங்கிவிட்டது.

ஆறாம் வகுப்பின் முதல் நாள் சாயங்காலம், புதுச் சிலேட்டை மண்டபத்தில் வைத்துவிட்டுத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். இடது கையால் தொடையில் ஏழு, வலது கையால் கல் சக்கரத்தில் எட்டு. வாயில் எண். ஒன்றிலிருந்து தொடங்குவதா சைபரிலிருந்தா என்று கொஞ்ச நேரம் தயங்கி, ஒன்றிலிருந்தே தொடங்கினேன். பதினைந்து, பதினேழு, இருபத்திரண்டு, இருபத்தைந்து எல்லாம் சரியாக வந்தன. இருபத்தொன்பதில் இடது கை எங்கே விழ வேண்டும் என்று மறந்துவிட்டது.