மாமா மூடியைத் திறக்கமாட்டார்

எங்கள் அக்கா, கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு ஒரு தென்னந்தோப்பு இப்பால், ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இரண்டாவதாகப் பிறந்தவன் நான். அதற்குப் பிறகு யாரும் பிறக்கவில்லை. என்னைப் பார்த்தபின் பெற்றோருக்குத் தைரியம் வரவில்லை என்று அக்கா சொல்வார்.

நான் பொள்ளாச்சியில் ஓர் அச்சகத்தில் இருபது வருடங்களாக மெய்ப்புத் திருத்துகிறேன். இதுபோன்ற நினைவு மலர்கள் எத்தனையோ என் கையைக் கடந்து போயிருக்கின்றன. அவற்றில் இறந்தவர்கள் எல்லோரும் புன்னகை மாறாதவர்கள்; உறவினர்கள் எல்லோரும் தோள் கொடுத்தவர்கள். நான் திருத்தியதெல்லாம் எழுத்துப் பிழைகளை மட்டும். இந்த மலரில் வேறு பிழைகளும் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களில் பலர் இதைக் கையில் வைத்திருக்கிறீர்கள். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஆகவே யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தார். கட்டிக் கொடுத்து ஒன்பது வருடங்கள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பக்கம் பெண் குழந்தைகளை அம்மிணி என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அவளுக்கு அது பிடிக்காது. இங்கேயும் அம்மிணிதான்.

அம்மிணி மூன்று வயது வரை பேசவில்லை. மிக்ஸி ஓடினால் தலையைச் சுவரில் இடித்துக்கொள்வாள். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் துண்டுத் துணி உறுத்தினால் அரைமணி நேரம் அலறுவாள். போகும் வழி மாறினால் நடுரோட்டில் படுத்துவிடுவாள். இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஒன்று; நம் சொந்தங்கள் வைத்த பெயர்கள் பல. மச்சான் பெயரெல்லாம் வைக்கவில்லை. "எங்க வகையறாவுல இப்பிடி ஒண்ணு கெடையாதுங்க" என்று எங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டு, கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருப்பதாகப் போனார். வேலை கிடைத்தது உண்மைதான். வேறு குடும்பமும் கிடைத்தது. அக்கா பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கே வந்தார்; அப்பாவும் அம்மாவும் போன பிறகு அது அக்கா வீடு ஆயிற்று.

ஒன்றாம் வகுப்பில் முதல் கூட்டத்துக்கு அக்காவுடன் நானும் போனேன். வகுப்பு டீச்சர் மலையாளி. "குட்டிக்கு வாசி இத்திரி கூடுதலா, கேட்டோ" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. வெளியே வந்ததும் அக்காவிடம் சொன்னேன்: "கேட்டியாக்கா? இப்பவே வாசிப்பு அதிகமாம். என்ற ரத்தமல்ல?" அச்சகத்திலிருந்து பதினோரு கதைப் புத்தகங்கள் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த வாரம் நடந்த இரண்டு கல்யாணங்களில் சொல்லித் திரிந்தேன். இரண்டாவது கல்யாணத்தில் ஒரு பாலக்காட்டுக்காரர் சிரித்துக்கொண்டே என்னைத் திருத்தினார். மலையாளத்தில் வாசி என்றால் பிடிவாதம். எல்லையில் பிறந்து, எழுத்துத் திருத்திச் சாப்பிடுகிறவன் செய்த பிழை இது.

அக்காவுக்கு அது அன்றைக்கே தெரியும். "ஏன்க்கா சொல்லல?" என்று சண்டைக்குப் போனேன்.

"அவளெப் பத்தி யாராச்சும் சந்தோசமா ஒரு சொல்லு பேசி நா கேட்டதில்லடா. ஒரு வாரம் கேட்டுட்டுப் போறேன்னு உட்டுட்டேன்" என்றார்.

அம்மிணிக்கு ஆறு வயதில், கோயில் நோன்பியன்று வெடி போட்டபோது, பிள்ளையைக் காணவில்லை. கிணறு வரை தேடினோம். எங்கள் வீட்டு உள்ளறையில் பழைய பத்தாயம் ஒன்று இருக்கிறது. நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி, ஒரு கட்டில் நீளம். வயலைத் தோப்பாக்கிய பிறகு அது காலி. அதற்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தூக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்தார். "இரு. அவளா கண்டுபுடிச்சிருக்கா. கெடுத்துடாதே."

மறுநாளே ஆசாரியை வரவழைத்துப் பக்கப் பலகைகளில் காற்றுக்குத் துளைகள் போடச் சொன்னார். கனத்த மூடியை எடுத்துவிட்டு லேசான மூடி போட்டார். புளியங்கொட்டையை நிரப்பிக் கட்டம் கட்டமாகத் தைத்த ஒரு போர்வையை உள்ளே விரித்தார். உடம்பின் மேல் கனமாக ஏதாவது அழுத்தினால் அவளுக்கு மூச்சு சீராகும். கோபமோ பயமோ வரும்போது அம்மிணி தானே போய் ஏறி, மூடியைச் சாய்த்துக்கொள்வாள். இருபது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். தானே வெளியே வருவாள். யாரும் கூப்பிடக் கூடாது, தட்டக் கூடாது.

இன்னொன்று அட்டைகள். நாளைக்கு என்னென்ன நடக்கும் என்பதைக் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் படமாக வரைந்து, கீழே ஒரு வரி எழுதி, முதல்நாளே வரிசையாகக் காட்டுவார். அக்காவுக்கு வரைய வராது. அவர் வரைந்த மனிதர்கள் எல்லோரும் விளக்குமாறு போலவே இருப்பார்கள். அம்மிணிக்கு அது போதும். அக்காவிடம் இருந்த சட்டம் ஒன்றுதான்: "முன்னாடியே சொல்லிப்போடோணும். சொன்னா மாத்தக் கூடாது."

பள்ளிக்கூடத்துக்கும் போய் இதையே கேட்டார். மணியடிக்கும் இடத்துக்குத் தள்ளி உட்கார வையுங்கள். மேசையில் ஒரு சிவப்பு அட்டை இருக்கட்டும். அதைத் தூக்கிக் காட்டினால் கேள்வி கேட்காமல் வெளியே விடுங்கள். "அப்போ எல்லா குட்டிகளும் சோப்பு அட்ட வேணும்னு சோதிக்குமல்லோ" என்றார் டீச்சர். சோப்பு என்றது சிவப்பு. சோதிக்கும் என்றது கேட்கும். "கேட்டாக் குடுங்க டீச்சர். வேணுங்கறவதான் எந்திரிச்சுப் போவா" என்றார் அக்கா. நான்கு முறை நடந்த பிறகு கிடைத்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக வாரம் ஒரு நாள் வரும் ரிசோர்ஸ் டீச்சர் நூலக அலமாரிக்குப் பின்னால் ஒரு பாய் விரித்துக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பில் அம்மிணி ஒரு மாதம் முழுக்க ஒருமுறைகூட அலறவில்லை. அக்கா எல்லோருக்கும் பாயசம் வைத்தார். "எதுக்கு?" என்று கேட்ட சொந்தங்களுக்கு ஏதோ கோயில் காரணம் சொன்னார்.

இதே சமயத்தில் நான் என்ன செய்தேன்? ஒரு சீர் வீட்டில் பத்துப் பேர் கூடியிருக்க, "எங்கக்கா ஊட்டுல நெல்லுக்குப் பதிலா புள்ளையெக் கொட்டி வெச்சிருக்காங்க" என்றேன். நல்ல சிரிப்பு. அது ஊர் சுற்றி, புள்ளையைப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறாள் என்று மாறி, ஒரு நாள் இரண்டு அதிகாரிகளாக வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர்கள் மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள், துளைகளை எண்ணினார்கள், அக்காவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கேட்டார்: "நல்லாச் சிரிச்சாங்களாடா?"

"சிரிச்சாங்க."

"செரி. உள்ள ஏறி உக்காரு."

ஏறினேன். மூடியைச் சாய்த்தார். பழைய நெல் வாசம். புளியங்கொட்டைக் கனம் நெஞ்சின் மேல். வெளியே இருந்த உலகம் ஒரு துளை அளவுக்குச் சுருங்கிப் போயிற்று. பத்து நிமிடம் என்றுதான் ஏறினேன். அக்கா மூடியைத் தட்டி, "அம்மிணி வரிசைல நிக்கறா, எந்திரிடா" என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே, பின்னால் நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரல் வரை போயிருந்தது. கடைசி மாதத்தில், தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, அவர் தன் சாவுக்கு அட்டை வரைந்தார். மொத்தம் ஏழு. அம்மா படுத்திருப்பாள், பேசமாட்டாள். நீ அம்மா காலைத் தொடலாம். நிறையப் பேர் வருவார்கள், அழுவார்கள். மேளம் அடிப்பார்கள். நீ பத்தாயத்துக்குள் போகலாம். ஆறாவதில் மூடிய பத்தாயமும், அதன் பக்கத்தில் பெரிய தொப்பையோடு ஒரு விளக்குமாறும். கீழே: மாமா மூடியைத் திறக்கமாட்டார்.

"தொப்பை இத்தனை பெருசாவா இருக்குது?" என்றேன்.

"நீதான்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தொறக்கமாட்டயல்ல?" என்றார்.

"தொறக்கமாட்டேன்க்கா."

ஏழாவது அட்டையில் இருந்தது: எல்லோரும் போன பிறகு மாமா சோறு போடுவார்.

அக்கா ஒரு புதன்கிழமை விடியற்காலையில் காலமானார். சொந்தங்கள் வந்து சேரும் முன்பே அம்மிணி வந்தாள். அட்டைகளைக் கையில் அடுக்கி வைத்திருந்தாள். முதல் அட்டையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். இரண்டாவது அட்டையைப் பார்த்தாள், காலைத் தொட்டாள். வெகுநேரம் தொட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். நான்காவதில் மேளம் வந்தது. ஐந்தாவதில் உள்ளறைக்குப் போய்ப் பத்தாயத்தில் ஏறி மூடியைச் சாய்த்துக்கொண்டாள். தன் சாவு வீட்டை அக்கா எவ்வளவு சரியாக நடத்தினார் என்பதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பதினொரு மணிக்கு வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். பெரியம்மா சத்தமாகக் கேட்டார்: "பெத்தவளுக்கு ஒரு புடி வாக்கரிசி போட வேண்டாமா? எங்கடா அந்தப் புள்ளெ?"

"உள்ள இருக்குதுங்க பெரியம்மா. அது காலைலயே கும்பிட்டுருச்சுங்க."

"யாரு பாத்தா? பொணம் கெடக்குது, இவ பொட்டிக்குள்ள படுத்திருக்கறாளா? சம்பந்தி ஊட்டுக்காரங்கெல்லாம் பாக்கறாங்க. நீ என்ன ஆம்பளடா? இழுத்துட்டு வா."

இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. ஏழு வருடங்களாக அக்கா பார்த்து நின்ற முகங்கள் அவை. அவர் ஒருமுறைகூட அசையவில்லை. நான் ஒரு நிமிடம் தாங்கினேன்.

உள்ளே போய் மூடியைத் திறந்தேன்.

அவள் அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை. கையிலிருந்த ஆறாவது அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். நான் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோதுதான் அலறினாள். என் கையைக் கடித்தாள். தழும்பு இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். பத்தாயத்து விளிம்பில் நெற்றியை மூன்று முறை இடித்துக்கொண்டாள். வெளியே மேளம் நின்றது.

"அடிங்கப்பா, எதுக்கு நிறுத்தறீங்க?" என்றார் பெரியம்மா.

"கொழந்தெ பயப்படுதுங்கொ" என்றார் மேளக்காரர்.

"அது எப்பவும் அப்பிடித்தான். நீங்க அடிங்க."

அவர் அடிக்கவில்லை. நாங்கள்தான் நிறுத்தவில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பெரியம்மா அதில் அரிசி வைத்தார். அந்தக் கையை அக்கா வாய்க்கு நேராகக் கவிழ்த்தேன். சடங்கு குறைவில்லாமல் நடந்தது என்று எல்லோரும் சொன்னீர்கள். அன்று அம்மிணி சோறும் சாப்பிடவில்லை. ஏழாவது அட்டையும் பொய்யாயிற்று.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பத்தாயத்தில் ஏறவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சிவப்பு அட்டையைத் தொடவில்லை. யாரோ வரைந்து கொடுக்கும் அட்டையை நம்ப அவளுக்கு இனி என்ன இருக்கிறது? டெஸ்கில் தலையை இடித்துக்கொண்டாள். கொஞ்ச நாள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். காரியத்தன்று பந்தியில் பெரியம்மா என்னிடம் ஒரு ஹோமின் பெயரைச் சொன்னார். "அங்கியே உட்டுரலாம்டா. உனக்கும் வயசாகுதல்ல?" வேறு சிலரும் தலையாட்டினீர்கள். நானும் தலையாட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஹோமுக்குப் போன் போட்டேன். பிள்ளையின் பழக்கவழக்கங்களை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தேன். அக்கா வரைந்த அட்டைகள் மூன்று டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினேன். இரண்டு நாள் வாசித்தேன். பிள்ளையின் பழக்கங்கள் அதில் இருந்தன. என் பழக்கங்களும் இருந்தன. ஒரு அட்டையில் 'மாமா பகடி பேசுவார், கோபம் இல்லை' என்று இருந்தது. ஹோமுக்கு எழுதவில்லை. பொள்ளாச்சியில் அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். இப்போது மெய்ப்புகள் பஸ்ஸில் வருகின்றன.

ரிசோர்ஸ் டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஸோரி பறஞ்ஞிட்டு காரியமில்ல. அகத்தொரு குற்றி வெச்சு கொடுக்கூ." இந்த முறை மொழிபெயர்ப்பில் தவறவில்லை. குற்றி என்றால் தாழ்ப்பாள். ஸாரி சொல்லிப் பயனில்லை; பத்தாயத்துக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் வைத்துக் கொடுங்கள்.

பழைய ஆசாரியே வந்தார். "உள்பக்கமாவா தாழ்ப்பா? யாருக்குப் பயந்துங்க?" என்றார். "எனக்கு" என்றேன். அவர் வேலையை ஆரம்பித்தார். ஆபத்துக்கு உதவட்டும் என்று பின்பலகையை மட்டும் திருகாணி கழற்றினால் வரும்படி செய்துவிட்டு, திருப்புளியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போனார். அம்மிணி தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். ஏறவில்லை. நான் தினமும் அட்டை வரைந்து, வரைந்தது போலவே நடந்து வந்தேன். ஒருநாள் பஸ் வராமல் போனபோது, வரைந்துவிட்டோமே என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தேன்.

ஐந்தாவது மாதம் அவள் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். முதல் நாள் நான்கு மணிக்குத் திரும்பி வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. எங்கே வைத்திருந்தாளோ, அந்த ஆறாவது அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அத்தனை மாதங்களில் முதல் சொல் வந்தது.

"வாசி."

அது தமிழா மலையாளமா என்று நான் கேட்கவில்லை. வாசித்தேன்.

வரும் புதன்கிழமை அக்காவுக்கு முதல் வருடத் திதி. மைக் செட் இல்லை. வருகிறவர்கள் உள்ளறைக்குப் போக வேண்டாம். அன்றைய நிகழ்ச்சிகள் ஆறு அட்டைகளாக வாசலில் ஒட்டப்பட்டிருக்கும். அதில் இல்லாத எதையும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரியம்மாவுக்கும் சாப்பாடு உண்டு.

நன்றிக்குரியவர்கள் அதிகம் பேர் இல்லை. கேட்காமலே மேளத்தை நிறுத்திய மேளக்காரருக்கு. அலமாரிக்குப் பின்னால் பாய் விரித்த ரிசோர்ஸ் டீச்சருக்கு. நான்காவது முறை சம்மதித்த வகுப்பு டீச்சருக்கு. தாழ்ப்பாள் வைத்த ஆசாரிக்கு.

அம்மிணி இப்போதும் தினம் நான்கு மணிக்கு அந்த அட்டையை நீட்டுகிறாள். நான் தினமும் சத்தமாக வாசிக்கிறேன்: மாமா மூடியைத் திறக்கமாட்டார். கடைசி எழுத்து வரை நின்று கேட்கிறாள். பிறகு உள்ளே ஏறி, தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்கிறாள்.