சுரங்க முனிக்கு முதல் கொழுந்து

அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் போட்டுவிட்டுக் காரீயச் சுரங்கத்துக்குப் போனவர். எங்கள் தோட்டத்துக்குக் கீழே, பொல்பிட்டியப் பாதையோரம் இருந்தது அது. என்னதான் தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் கரி மினுங்கும். "காதக் கழுவுனீங்களா?" என்று அம்மா தினமும் கேட்பாள்.

ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து, அப்பாவும் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆட்கள் இரண்டு பேரும் உள்ளேயே போய்விட்டார்கள். உடல்களை எடுக்க முடியாதென்று முதலாளி சுரங்க வாயை மூடி, ஞாபகத்துக்கு ஒரு கல்லை நட்டார். அதில் ஒரு பெயர்கூட இல்லை. அவ்வளவுதான் அவருடைய துக்கம். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் அம்மாவின் பொட்டை அழித்தார்கள்.

நட்ட கல்லை எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டினார்கள். கவ்வாத்துக்கு ஒரு சாமி, தேயிலை அரைக்கும் ஸ்டோர் சக்கரத்துக்கு ஒரு முனி இருந்த தோட்டத்தில் இது சுரங்க முனி ஆகிவிட்டது. பெண்கள் முதல் கொழுந்தை அங்கே வைத்துவிட்டுத்தான் மலை ஏறினார்கள். நானும் வைத்தேன். சாமியென்றால் கும்பிட வேண்டும், அப்பாவென்றால் அழ வேண்டும். இரண்டும் வராமல் திருதிருவென்று விழிப்பேன். அம்மாவோ அந்தப் பக்கமே வராமல் சுற்றுப்பாதையில் போனாள்.

மறுவருடம் முனிக்குப் பொங்கல் வைத்தார்கள். அம்மாவை நான்தான் இழுத்துப் போனேன். பூசாரி பெண்களுக்கெல்லாம் குங்குமம் கொடுத்துக்கொண்டே வந்தார். அம்மாவிடம் வந்ததும் அவர் விரல் விபூதிக்குப் போனது.

"எனக்கும் குங்குமம் குடுங்க."

"எப்படிம்மா? லயத்துல என்ன பேசுவாங்க?"

"இங்க நிக்கிறது சாமின்னா எனக்கும் உண்டுதானே? எம் புருஷன்னா, இவங்கெல்லாம் எதுக்கு வாங்குறாங்க?"

தப்படிக்கிற சத்தம் நின்றது. பூசாரி தட்டை நீட்டியபடியே நின்றார். அம்மா தானே எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்குப் பயமா, வெட்கமா, பெருமையா என்று இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு அம்மா பொட்டோடு வந்தாள். கங்காணி பொட்டைப் பார்த்துவிட்டு அவள் பேரைப் பதிந்துகொண்டார். மலைக்குப் போகும்போது சுற்றுப்பாதையை விட்டு நேரே கல்லிடம் போனாள். முதல் கொழுந்தை வைத்தாள். கும்பிடுவாளா, அழுவாளா என்று பார்த்து நின்றேன், பார்த்து நானும் அப்படியே செய்யலாமே என்று.

அவள் குனிந்து, கல்லின் ஓரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"காதக் கழுவுனீங்களா?" என்று கேட்டாள்.